கோட்டுக்கு வெளியே போன வீரர் திரும்பி வந்து பந்தைத் தொட்டா தப்பா? கூடைப்பந்து விதி சொல்வது என்ன?

தென்காசி, குற்றாலம் பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மனசில் பதிந்த விதி ஒன்று உண்டு: கோட்டைத் தாண்டினா அவுட். அதே கண்ணோடு கூடைப்பந்து பார்க்கும்போதுதான் குழப்பம். வெளியே போன வீரர் ஓடி வந்து பந்தை எடுத்துக் கூடையில் போடுகிறார், விசில் வரவில்லை. "ரெஃப்ரி தூங்குறாரா?" என்று சத்தம் கிளம்பும். பெரும்பாலும் ரெஃப்ரி சரியாகத்தான் இருப்பார்.

கபடியில் கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு ஆண்கள் ஃபைனலே போதும். இந்தியா 28, ஈரான் 28. தமிழ் தலைவாஸ் அணிக்கும் கேப்டனாக இருந்த பவன் செராவத், யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்தார். பின்னாடியே ஈரான் வீரர்களும் உள்ளே வந்தார்கள். யார் அவுட், யாருக்கு எத்தனை பாயிண்ட் என்ற சண்டையில் ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் 33-29 என்று தங்கம் இந்தியாவுக்கு.

கூடைப்பந்தில் கதையே வேற. சர்வதேச அமைப்பான ஃபீபாவின் (கால்பந்து ஃபிஃபா இல்லை) விதிப்படி, ஆட்டத்தின் வேகத்தில் வெளியே போவது குற்றமில்லை. பந்தைத் தொடும் நேரத்தில் கால் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோட்டை மிதித்தாலே வெளியேதான். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்ற அளவு கோட்டின் உள் விளிம்பு வரைதான். கார்னரில் த்ரீ-பாயிண்ட் கோட்டுக்கும் சைட்லைனுக்கும் இடையே இருப்பது வெறும் 90 சென்டிமீட்டர். அங்கே குதிகால் லேசாகப் பட்டாலே பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணி வீரர் எறிந்த பந்து, கோட்டை மிதித்து நிற்பவர் மேல் வந்து பட்டாலும் தவறு நின்றவருடையதுதான்!

அப்போ அந்தரத்தில் இருக்கும்போது? கடைசியாக எங்கே கால் ஊன்றினாரோ, அங்கே இருப்பதாகவே கணக்கு. உள்ளேயிருந்து தாவி, வெளியே விழுவதற்குள் பந்தை உள்ளே தட்டிவிடலாம். விழுந்து எழுந்து, உள்ளே வந்து அதே பந்தை முதல் ஆளாக எடுக்கவும் செய்யலாம். ஆனா வெளியே கால் ஊன்றி அங்கிருந்து உள்நோக்கித் தாவி, தரை தொடும் முன்பே பந்தைப் பிடித்தால் விசில்தான். ரெண்டு காலும் உள்ளே வைக்கணும் என்று பலர் சொல்வது தப்பு. ஒரு கால் உள்ளே ஊன்றி, இன்னொன்று வெளியே படாமல் இருந்தால் போதும்.

த்ரோ-இன் போடுபவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அவர் எறிந்த பந்தை, உள்ளே இன்னொரு வீரர் தொட்ட பிறகுதான் தொடணும். கூடைக்கு அடியில் உள்ள கட்டத்தில் 3 விநாடி ஆகப்போகிறதே என்று எண்ட்லைன் வழியாக நழுவி, மறுபடி அதே கட்டத்துக்குள் வரும் தந்திரமும் செல்லாது, அதுவும் விதிமீறல்தான்.