வாட்டும் ரோஸ்டும்

சனிக்கிழமை திருநள்ளாற்றில் தரிசனம் முடித்தவர்கள் காரைக்கால் சைவ ஹோட்டலில் உட்கார்ந்து "ரெண்டு ரோஸ்ட்" என்றால் வருவது தோசை. ஓரம் சிவந்து, தொட்டால் நொறுங்குகிற தோசை. மறுநாள் அதே ஊரில் ஓர் அசைவ ஹோட்டலில் அதே சொல்லைச் சொன்னால், மிளகும் சோம்பும் அப்பிய கரிய ஆட்டுக்கறி வரும். லண்டனில் ஞாயிறு மதியம் இந்தச் சொல்லுக்கு வருவது மூன்றாவது பண்டம்: ஓவனுக்குள் முழுத்துண்டாக வெந்து, மேசையில் கத்தியால் அரியப்படும் மாட்டுத் தொடை, பக்கத்தில் உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், கிரேவி. அங்கே பிறந்து வளர்ந்த பேரன் ஊருக்கு வந்து, "இங்கே நல்ல ரோஸ்ட் எங்கே கிடைக்கும், தாத்தா?" என்று கேட்டால், எந்த ரோஸ்ட் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

சொல்லின் பூர்வீகம் இங்கிலாந்து அல்ல. பழைய ஜெர்மானியக் குடிகளான பிராங்குகளின் மொழியிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய் 'ரொஸ்திர்' ஆயிற்று. நார்மன்கள் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து 'ரோஸ்ட்' ஆயிற்று. பிரான்சிலோ பேச்சில் 'ஸ்' உதிர்ந்துபோனது. எழுத்தில் மட்டும் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு அக்காதெமியின் அகராதி 1740ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்படிப்பட்ட ஊமை எழுத்துகளில் பலவற்றைக் களைந்து, உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி போட்டது. இன்றைய 'ரோத்தி' அப்படி வந்தது. இதில் வேடிக்கை, கொடுத்த சொல்லையே பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கடன் வாங்கியது. ஆங்கிலேயரின் ரோஸ்ட் பீஃபை 'ரோஸ்பிஃப்' ஆக்கி, பிறகு ஆங்கிலேயருக்கே அதைப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். நடுவில் ஆங்கிலேயர் சிலமுறை பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்ததைக் கழித்தால், 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சு ஊர். அப்படியானால் இங்கே ரோத்தி அல்லவா நின்றிருக்க வேண்டும்? நிற்கவில்லை. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று அரசுப் பலகையில் பிரெஞ்சு இன்றும் இருக்கிறது. சாப்பாட்டுப் பலகையில் இருப்பது 'ஸ்' உதிராத ஆங்கில வடிவம். என் கணிப்பு, இந்தச் சொல் கப்பலில் வரவில்லை, தரைவழி வந்தது என்பதுதான். நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா. 1898இல் பேரளத்திலிருந்து ரயிலும் வந்துவிட்டது. ஹோட்டல் பாஷை அந்தப் பக்கத்துப் பாஷை. தவிர, ரோத்தி என்று யாராவது சொல்லியிருந்தாலும் நம் காதில் ரொட்டி என்றுதான் விழுந்திருக்கும். வடக்கேயிருந்து வந்த ரொட்டிக்கும் பிராங்குகளின் ரோத்திக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கடன் சொல் வருமுன் நம்மிடம் சொல் இல்லாமலா இருந்தது? இருந்தது, அதுவும் அழகான சொல். பெரும்பாணாற்றுப்படையில் மருத நிலத்து உழவர் வீட்டுக்குப் போகும் பாணனுக்கு வெண்சோறும் 'அளகின் வாட்டு'ம் கிடைக்கும் என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அளகு என்றால் பெட்டைக்கோழி. வாட்டு என்றால் தீயில் வாட்டியது. வினை அப்படியே உணவின் பெயராக நிற்கிறது, ஆங்கிலத்தில் ரோஸ்ட் நிற்பதுபோலவே. பொருநராற்றுப்படை இதே காவிரி நாட்டுக் கரிகாலனின் விருந்தைச் சொல்கிறது. அங்கே கொழுத்த இறைச்சியை 'காழ்' எனும் இரும்புக் கம்பியில் கோத்துச் சுடுகிறார்கள். சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தின்கிறான் பொருநன். தின்று தின்று அவன் பல், நிலம் உழுத கொழுவைப்போலத் தேய்ந்தே போகிறது. ரோஸ்டுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எந்த மொழியிலும் இருக்குமா தெரியவில்லை.

இந்த வாட்டு எங்கே போயிற்று? நூலை மூடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடைக்குப் போனால் தெரியும். "தலையையும் காலையும் வாட்டிக் குடுங்க பாய்" என்பார்கள். கடைக்காரர் தீயில் காட்டி, மயிர் பொசுங்கக் கருக்கி, கத்தியால் சுரண்டித் தருவார். வீட்டில் நாட்டுக்கோழிக்கும் இதே சடங்குதான். இறகு பறித்து, மஞ்சள் தடவி, வைக்கோலிலோ ஓலையிலோ தீமூட்டி, காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பி வாட்டுவார்கள். தோல் இறுகி, மஞ்சள் பொன்னிறமாகி, மேலே எண்ணெய் கசியும். அந்த நிமிஷத்தில் அதை வெட்டாமல் இன்னும் கொஞ்ச நேரம் கனலில் விட்டால் உருத்திரங்கண்ணனாரின் அளகின் வாட்டு ஆகிவிடும். நாம் விடுவதில்லை, துண்டு போட்டுக் குழம்பில் இறக்கிவிடுகிறோம். உணவாக இருந்த வாட்டு, சமையலுக்கு முந்திய வேலையாகச் சுருங்கிவிட்டது.

ஏன் சுருங்கியது என்பதற்குக் காரணம் தேட அதிகதூரம் போகவேண்டாம். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். கறியை அடுப்பிலேற்றும் முன்பே, விரலால் பிய்க்கத் தோதான அளவுக்கு வெட்டிவிடுகிறோம். முழுத்தொடையைச் சுட்டு மேசையில் அரிவது கத்தி முள்கரண்டிக்காரர்களின் வழக்கம். அதோடு நம் அடுப்பு சட்டியை மேலே ஏந்துவது. பண்டத்தை உள்ளே வைத்துச் சுற்றிலும் சூடேற்றுவது அல்ல. சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பது மூன்றாவது காரணம், அதுதான் முதல் காரணமாகவும் இருக்கலாம்.

இந்தக் கரைக்கு வந்த ஐரோப்பியச் சூட்டிறைச்சியே சோற்றுக்கு வளைந்துகொடுத்தது. போர்த்துகீசில் 'அசாது' என்றால் சுட்டது. நாகப்பட்டினத்தில் அவர்கள் 1658 வரை இருந்தார்கள். புதுச்சேரிக் கிரியோல் வீடுகளில் அந்தச் சொல் 'அசாத்' ஆகி, வாலில் ஒரு கறியையும் சேர்த்துக்கொண்டு குழம்பாகிவிட்டது. எதிர்த்திசையிலும் ஒன்று போயிருக்கிறது. வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து வெயிலில் காயவைக்கும் நம் வடகம், 'வதூவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்கள் ஆட்டு ரோத்தியின்மேல் தடவும் மசாலாவாக இருக்கிறது.

இனி நம் ரோஸ்ட். கறியை இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்போடு முக்கால் வேக்காடு வேகவிட்டு, இரும்புச் சட்டியில் சின்ன வெங்காயத்தோடு போட்டு, வெந்த தண்ணீரையும் ஊற்றிச் சுண்டவிடுவார்கள். தண்ணீர் இருக்கும்வரை அது வெறும் வேகல். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து, சத்தம் கொதியிலிருந்து பொரிவுக்கு மாறும்போதுதான் கறி நிறம் மாறத் தொடங்கும். ஈரம் போனால்தான் சூடு நூறு டிகிரியைத் தாண்டும், தாண்டினால்தான் அந்தச் சிவப்பும் வாசனையும். ஓவனில் நடப்பதும் இதேதான். தோசைக்கல்லில் மாவு ரோஸ்ட் ஆவதும், இலங்கையில் மொறுமொறுப்பான தட்டை ரொட்டி 'ரோஸ் பாண்' ஆனதும் இதனால்தான். தமிழர் இந்தச் சொல்லிலிருந்து ஓவனையும் முழுத்தொடையையும் கழித்துவிட்டு, வறண்டு சிவந்து முறுகிய பக்குவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சரியான இடத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள் என்பேன்.

கிரேவி விஷயத்திலும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. இங்கிலீஷ்காரர் ரோஸ்ட் எடுத்த தட்டின் அடியில் ஒட்டியதை மாவும் தண்ணீரும் விட்டுக் கரைத்துக் கிரேவி ஆக்குகிறார். நம் வீட்டில் சட்டியின் அடியில் ஒட்டிய மசாலாவில் சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டி உருண்டை பிடிப்பார்கள். அதற்குப் பிள்ளைகளிடையே சண்டை நடக்கும்.

அப்புறம் ஞாயிறு. லண்டனில் அது தேவாலயக் கணக்கு: பூசைக்குப் போகுமுன் இறைச்சியை அடுப்பில் வைத்தால் திரும்பும்போது தயார். காரைக்காலில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் அது பொருந்தும். முஸ்லிம் வீடுகளில் வெள்ளிக்கிழமை விசேஷம். மற்றவர்களுக்கு இது கழித்தல் கணக்கு. செவ்வாய் வேண்டாம், வெள்ளி வேண்டாம், சனீஸ்வரன் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். ஆபீசும் பள்ளிக்கூடமும் விட்ட நாளாக மிஞ்சுவது ஞாயிறு. புரட்டாசியில் அதுவும் பலருக்கு இல்லை. ஆகவே லண்டன் பேரன் வரும் தேதியைப் பார்த்துக்கொண்டு, காலையிலேயே கறிக்கடையில் போய் நின்று, தொடைக்கறியாகக் கேட்டு வாங்குவது நல்லது. பதினோரு மணிக்குமேல் போனால் மிச்சம்தான் கிடைக்கும்.