வற்றாப்பளையின் கடல்நீர் விளக்கு



முல்லைத்தீவுக்கு மேற்கே நந்திக்கடல் என்றொரு களப்பு உண்டு. வட்டுவாகலில் அது பெருங்கடலோடு கலக்கின்றது. அக்களப்பின் மேற்குக் கரையிலே, வயலும் பற்றைக்காடும் பனங்கூடலும் சூழ அமைந்திருப்பது வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். வன்னி மக்கள் 'கண்ணகி' என்பதினும் 'கண்ணகை' என்றே பெரிதும் வழங்குவர். மட்டக்களப்பாரும் அவ்வாறே. ஆண்டு முழுவதும் பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கும் இவ்வூர், வைகாசி மாதத்தில், விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமையன்று மாத்திரம் மக்கட் கடலாக மாறிவிடுகின்றது.

வானளாவிய கோபுரத்தைக் கொண்டோ, சோழர் கல்வெட்டைக் கொண்டோ இக்கோயில் பெருமை பெற்றதன்று. இதன் பெருமையெல்லாம் ஒரு கதையிலே இருக்கின்றது. கதை மிகச் சிறியது. மாடு மேய்த்த சிறுவர் சிலரும் ஒரு கிழவியுமே அதில் வருவோர்.

நந்திக்கடற் கரையிலே இடைச் சிறுவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தனர். எங்கிருந்தோ நடந்து களைத்த மூதாட்டி ஒருத்தி அங்கே வந்தாள். பசிக்கின்றது என்றாள். சிறுவர்கள் இலை குழைகளால் ஒரு பந்தலிட்டு ஆச்சியை அதன் கீழ் இருத்தினர். தம்மிடமிருந்த அரிசியையும் பாலையும் கொண்டு புக்கை பொங்கிப் படைத்தனர். பொழுது சாய்ந்தது. விளக்கேற்றுங்கள் என்றாள் கிழவி. எண்ணெய்க்கு எங்கே போவது? கடல்நீரை அள்ளி வந்து விடுங்கள் என்றாள். பிள்ளைகள் அவ்வாறே செய்தனர், திரி பற்றிக்கொண்டது. பின்பு, தலை கடிக்கின்றது, பேன் பாருங்கள் என்றாள். நரைத்த கூந்தலை விலக்கிப் பார்த்த சிறுவன் திடுக்கிட்டுப் போனான். தலையெங்கும் கண்கள், ஆயிரங் கண்கள்! வைகாசித் திங்களில் மீண்டும் வருவேன் என்று சொல்லிக் கிழவி மறைந்துவிட்டாள். வந்தவள் மதுரையை எரித்த கண்ணகி என்பதைப் பின்னரே ஊரார் உணர்ந்தனர்.

கதை இவ்வளவே. ஆயினும் இதனைச் சிலப்பதிகாரத்தோடு வைத்து எண்ணிப் பாருங்கள். அங்கே அவள் அரசவையில் வழக்குரைத்தவள். மாணிக்கப் பரல் சிதறச் சிலம்பை உடைத்தவள். கூடல் மாநகரைத் தீக்கு இரையாக்கியவள். அவளுக்குக் கல்லெடுத்துக் கோயில் செய்தவனோ இமயம் வரை சென்ற சேர வேந்தன். இங்கே அவள் முடிவேந்தர் எவரையும் நாடவில்லை. பசித்த கிழவியாய் மாட்டுக்காரப் பிள்ளைகளிடம் ஒரு பிடி சோறு கேட்கின்றாள். அங்கே நெருப்பால் ஊரை அழித்தவள், இங்கே நீரால் விளக்கெரிக்கின்றாள். நெருப்பு அதே நெருப்புத்தான். ஆனால் அது தணிந்து, ஓர் ஓலைக் குடிசையின் சிறு சுடராய் அடங்கியிருக்கின்றது. வன்னி மக்கள் காப்பியத் தலைவியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து வைக்கவில்லை. தம் ஊர் ஆச்சியாகவே அவளை ஆக்கிக்கொண்டனர்.

ஆயிரங் கண் என்பதையும் சற்று நோக்க வேண்டும். தமிழகத்திலே மாரியம்மனை ஆயிரங் கண்ணுடையாள் என்று போற்றுவர். அம்மை நோயின் கொப்புளங்களையே அக்கண்கள் குறிக்கும் என்று கொள்வாரும் உளர். மழை, வெப்பு, நோய் மூன்றும் அத்தெய்வத்தின் கையிலே உள்ளன என்பது மக்கள் கருத்து. வன்னியோ காய்ச்சலாலும் கொள்ளை நோயாலும் பலகாலும் குடிகுறைந்து போன நாடு. குளம் வற்றினால் வயல் இல்லை. வயல் இல்லையேல் ஊர் இல்லை. சோழகக் காற்று வீசத் தொடங்கி, வெயில் முறுகி, குளத்து நீர் இறங்கும் காலமே வைகாசி. அக்காலத்தில் அம்மனைக் குளிர்விக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பென்ன?

இனி, ஊர்ப்பெயர் குறித்து ஒரு சொல். மதுரையை விட்டு நீங்கிய கண்ணகி இலங்கைக்கு வந்து, இடந்தோறும் தங்கித் தங்கிப் பத்தாவதாக இளைப்பாறிய பளை இதுவாகலின் 'பத்தாம் பளை' எனப்பட்டு, அது பத்தாப்பளையாகிப் பின் வற்றாப்பளையாயிற்று என்பர். பத்து இடங்கள் எவை என்று கேட்டால், ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். அவள் நாக வடிவெடுத்து நயினாதீவு முதலாக ஊர்ந்து வந்தாள் என்ற கதையும் யாழ்ப்பாணத்துக் கரையூர்களில் உண்டு. என் கருத்தைச் சொல்வதானால், பெயர் முந்தியது, கதை பிந்தியது. தெல்லிப்பளை, புலோப்பளை என்று பளையில் முடியும் ஊர்கள் வடக்கிலே பல. அவை எவற்றுக்கும் எண் வேண்டியிருக்கவில்லை. நீர் வற்றாத பளை என்று கொள்வதே இயல்பாகத் தோன்றுகின்றது. எனினும் பத்தாம் பளைக் கதையை வீண்கதை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. சிதறிக் கிடக்கும் கண்ணகி கோயில்களையெல்லாம் ஒருத்தி நடந்து வந்த பாதையாகக் கோத்துக்காட்டும் தேசப்படம் அது.

கண்ணகி வழிபாடு ஈழத்துக்கு வந்த வரலாறு யாது? சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குப் படிமம் நிறுவிய விழாவில், கடல் சூழ்ந்த இலங்கையின் கயவாகு வேந்தனும் இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். அவன் தன் நாட்டில் அவளுக்குக் கோட்டம் அமைத்து ஆடி மாதத்தில் விழவு எடுத்தான் என்றும், அதனால் மழை பொய்யாது விளைவு பெருகியது என்றும் அந்நூலின் உரைபெறு கட்டுரை சொல்கின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் கஜபாகுவே இவன் என்பது பெரும்பாலோர் கொள்கை. ஆனால் அம்மன்னனைப் பற்றிப் பேசும் மகாவமிசத்தில் பத்தினியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மிகப் பிற்காலத்ததான இராசாவலிய என்னும் சிங்கள நூலே பத்தினியின் சிலம்பை அவன் கொண்டுவந்தான் என்கின்றது. பத்தினி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1984ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்று வெளியிட்ட பேராசிரியர் கணநாத ஒபயசேகர, கஜபாகு கதையை நேர் வரலாறாகக் கொள்ள மறுத்தார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. காப்பியம் கூறும் விழா ஆடியில். வற்றாப்பளைப் பொங்கலோ வைகாசியில். அரசன் ஆணையால் வந்த விழாவாயின் அரசன் வகுத்த மாதத்திலன்றோ நடக்க வேண்டும்? வற்றாப்பளைக் கதையில் கஜபாகுவுக்கு இடமே இல்லை. மாதத்தைக் குறித்தவளும் கிழவியே.

இத்தெய்வம் தமிழர்க்கு மட்டும் உரியவளும் அல்லள். கண்டி நகரின் நான்கு தேவாலயங்களுள் ஒன்று பத்தினி தேவியுடையது. பெரகராவில் அவளுக்கும் ஊர்வலம் உண்டு. இரு மொழியினரும் ஒருத்தியையே இருவேறு பெயரால் அழைக்கின்றனர்.

யாழ்ப்பாணத்தில் அவள் வரலாறு வேறு வழியாகச் சென்றது. அங்கே கண்ணகி கோயில்கள் பல இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் ஆகம நெறியை வற்புறுத்தியபோது, கண்ணகியைச் சமண வணிகர் குலத்துப் பெண்ணென்று கருதி அவ்வழிபாட்டைக் கண்டித்தார். காலப்போக்கில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பலவும் இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய அம்மன் ஆலயங்களாயின. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பழைய பெயர் நிலைத்தது.

இங்கே ஒரு விந்தையைக் கூறாமல் இருக்க முடியவில்லை. நாவலர் 1852ஆம் ஆண்டில் பெரியபுராணத்தை வசன நடையில் பதிப்பித்தார். அதிலே நமிநந்தியடிகள் வரலாறு வருகின்றது. திருவாரூரில் விளக்கேற்ற நெய் கேட்ட அடியாரைச் சமணர் எள்ளி, நீரை வார்த்து எரியும் என்றனர்; இறைவன் அருளால் அவர் குளத்து நீரை முகந்து வார்த்தே விளக்கெரித்தார். சைவர் உள்ளம் உருகிப் படிக்கும் இவ்வற்புதமும் நந்திக்கடற் கரை அற்புதமும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை அல்லவா? ஒன்று புராணத்தில் ஏறியது. மற்றொன்று மாட்டுக்காரர் நாவில் நின்றது. திருவாரூரில் நன்னீர், இங்கே உப்புநீர். திருவாரூரில் நெய் இல்லை என்றவர் பகைவர். இங்கே எண்ணெய் இல்லை என்ற சிறுவர் ஏழைகள். வேற்றுமை அவ்வளவே.

அந்நியர் காலத்துக் கதை ஒன்றும் உண்டு. குதிரையேறி வந்த பறங்கி அதிகாரி ஒருவன் அம்மன் வல்லமையை இகழ்ந்து பேசினானாம். காற்றில்லாத வேளையிலே கோயிலருகே நின்ற பன்னிச்சை மரம் தானே குலுங்கி, அதன் காய்கள் அவன்மீது கல்மாரியாய் விழ, அவன் ஓட்டமெடுத்தான் என்பர். இதனைப் பாடுவதே 'பன்னிச்சை ஆடிய பாடற்சிந்து'. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் பறங்கியர் கைப்பட்டபின் அங்கே கோயில்கள் இடிபட்ட செய்தியை நாம் அறிவோம். அடங்காப்பற்று என்ற பெயர்பெற்ற வன்னியில் அவர்கள் ஆட்சி அவ்வளவு ஊன்றவில்லை. காடுதான் அதற்கு முதற் காரணம் என்று வரலாற்று மாணவன் சொல்வான். பன்னிச்சை மரம் என்று சிந்து சொல்கின்றது. மரம்தானே இரண்டும்!

பொங்கல் நடைபெறும் முறை இக்கதைகளை ஆண்டுதோறும் மறுபடியும் நடத்திக் காட்டுவது போன்றது. முதலில் பாக்குத் தெண்டல். அதன்பின் ஒரு திங்கட்கிழமை தீர்த்தமெடுத்தல். களப்பு கோயிலின் அருகிலேயே இருக்க, அதனை விடுத்துச் சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்குச் சென்று, பெருங்கடலிலேயே நீர் எடுக்கின்றனர். அக்குடம் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்கு வந்து சேர்கின்றது. அங்கே கடல்நீரில் விளக்கேற்றப்படுகின்றது. அவ்விளக்கு ஒருவார காலம் அணையாது எரியும் என்பது அடியார் கண்டு கைகூப்பும் காட்சி. ஞாயிற்றுக்கிழமை விநாயகருக்குப் பொங்கல். மறுநாட் திங்கள் மடைப்பண்டங்கள் முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்பட, அங்கே அம்மனுக்கு வளந்து ஏற்றிப் பொங்குவர். பாற்செம்பும் காவடியும் பகல் முழுவதும் வந்தவண்ணம் இருக்கும். கோவலன் கதையைச் சொல்லும் 'சிலம்பு கூறல்' இவ்வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்த பாடல். அதே கதையைக் கூத்தாகவும் ஆடுவது முல்லைத்தீவுப் பகுதியின் வழக்கம்.

அந்தக் கடலை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சூறையாடி, எண்ணற்ற குடும்பங்களை அழித்தது. விளக்குக்கு நீர் தந்த கடல் அது. பிள்ளைகளைக் கொண்டுபோன கடலில் இறங்கி மறுபடியும் குடத்தை அமிழ்த்தவேண்டியிருந்த அம்மக்களின் மனம் எத்தகையதாய் இருந்திருக்கும்? ஐந்தாண்டுகள் கழியுமுன் போர் வந்தது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் அதன் இறுதி நாட்கள், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே கழிந்தன. அது முடிவுற்ற மே மாதம், தமிழ்க் கணக்கில் வைகாசி பிறந்த வேளை. பொங்கலுக்கு வளந்து ஏற வேண்டிய மாதத்தில், அதற்குரிய ஊர்கள் ஆளற்றுக் கிடந்தன. ஊரவர் வவுனியாப் புறத்து முகாம்களில் முட்கம்பி வேலிக்குள் இருந்தனர்.

மக்கள் மீளக் குடியேறியபின் பொங்கலும் மீண்டது. இன்று வடபுலத்தின் பல பகுதிகளிலிருந்தும், கடல்கடந்த நாடுகளிலிருந்தும் அடியார் வருகின்றனர். அவர்களிற் பலர் காணாமற்போன பிள்ளையின் பெயரைச் சொல்லி நேர்த்தி வைப்பவர்கள். நீதி கேட்டு அரசவை ஏறியவளின் முன்னே அவர்கள் என்ன சொல்லி அழுகின்றார்கள் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

திங்கள் இரவு பொங்கல் முடிந்து மடை பரவும்போது, பெரிய படையல்களுக்கு நடுவே இருப்பதும் அந்தப் பழைய பண்டமே: அரிசியும் பாலும் சேர்ந்த புக்கை. அதனைக் கையில் வாங்கிக்கொண்டு, விடியற்புறத்தில் மக்கள் நந்திக்கடற் கரையோரமாக வீடு திரும்புகின்றனர்.