பிள்ளையணி ஆடிய இறுதியாட்டம்

ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கால்பந்துச் சங்கத்தின் நிழலில் வளர்ந்து, ஒரே ஒரு முறை அதனையே கோப்பைக்காக எதிர்த்து நின்ற காஸ்டில்லா என்னும் துணையணியின் சரித்திரத்தை இனிப் பார்ப்போம்.

1930இல் தோன்றி, ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரைத் தாங்கி, பிராந்தியப் பந்தயங்களில் ஆடிவந்த பிளஸ் உல்ட்ரா என்னும் சிறு சங்கம், நாளடைவில் ரியல் மாட்ரிடின் இளைஞர்களுக்குப் பயிற்சிக்களமாயிற்று. 1972இல் அதன் ஸ்தானத்தில் எழுந்ததே காஸ்டில்லா. எவ்வளவு பராக்கிரமம் காட்டினாலும் துணையணி தன் தாயணி ஆடும் டிவிஷனில் காலெடுத்து வைக்கலாகாது என்பது ஸ்பானிய லீக்கின் விதி. அது நியாயமான விதியே; ஒரே எஜமானனுடைய இரண்டு அணிகள் மோதினால் முடிவை யார் நம்புவார்கள்? ஆயினும் மன்னர் கோப்பைப் போட்டியில் அந்நாளில் அத்தகைய தடை இருக்கவில்லை.

1979-80ஆம் பருவத்தில், இரண்டாம் டிவிஷனில் இருந்த இந்த இளைஞர்கள், எர்குலஸையும், பில்பாவோவின் அத்லெடிக் சங்கத்தையும், லீக்கில் ஒரே ஒரு தோல்வியோடு இரண்டாமிடம் பெற்ற ரியல் சொஸியதாதையும், அரையிறுதியில் ஸ்போர்ட்டிங் ஹிஹோனையும் வென்று, 1980 ஜூன் 4ஆம் தேதி சான்டியாகோ பெர்னபேயூ அரங்கில் தாயணியின் எதிரே போய் நின்றார்கள். தந்தையென்று அறியாமல் ஸ்ரீராமனை எதிர்த்தவர்கள் லவகுசர். இவர்களோ அறிந்தே எதிர்த்தார்கள். பலன், ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தோல்வி. ஆனால் தோற்றவர்களுள் கோல்கீப்பர் அகுஸ்தினும், ரிக்கார்டோ கயேகோவும் பின்னாளில் வென்றவர்களின் அணியிலேயே பிரகாசித்தவர்கள்.

லீக்கையும் ரியல் மாட்ரிடே வென்றிருந்தபடியால், ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டியில் ஆடும் பாக்கியம் காஸ்டில்லாவுக்கு வாய்த்தது. எதிர்ப்பட்ட வெஸ்ட் ஹாமும் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷன் அணியே என்பது வேடிக்கை. மாட்ரிடில் 3-1 என வென்றவர்கள், லண்டனில் கூடுதல் நேரத்துக்குப் பின் 5-1 எனத் தோற்று வெளியேறினார்கள்.

1983-84இல், அமான்சியோ பயிற்றுவித்த காஸ்டில்லா, பூத்ரகேன்யோ, மிச்செல் முதலியோரை வளர்த்தெடுத்த அந்த அணி, இரண்டாம் டிவிஷனின் சாம்பியனாயிற்று. அடுத்து வந்ததோ அத்லெடிக்கின் துணையணி. இருவரும் விதிப்படி இருந்த இடத்திலேயே இருக்க, மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடத்தவர் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1990-91ஆம் பருவம் முதல் துணையணிகளுக்கு மன்னர் கோப்பையும் விலக்கப்பட்டது.