பொந்துக்குள் நீளும் கை

ஸ்கோக்ஹோம் தீவைப் பற்றிப் பேச்செடுத்தாலே பறவைக்காரர்கள் பாஸ்டன் கதைக்குப் போய்விடுவார்கள். நானும் அதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன்.

1952 ஜூன் மாதம். வேல்ஸின் தென்மேற்கு மூலையில், பெம்புரூக்‌ஷயர் கரைக்கு அப்பால் கிடக்கும் அந்தச் சிறு தீவில் இரண்டு மாங்க்ஸ் ஷியர்வாட்டர் பறவைகளைப் பிடித்துப் பெட்டியில் வைத்து, விமானத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார் ரொசாரியோ மஸ்ஸேயோ. பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவின் கிளாரினெட் கலைஞர் அவர். ஒரு பறவை வழியிலேயே இறந்துவிட்டது. பிழைத்ததை பாஸ்டன் விமான நிலையத்தின் கடலோர விளிம்பில் பறக்கவிட்டார். அந்த இனத்துக்குப் பழக்கமில்லாத கரை அது. 12 நாள், 12 மணி, 31 நிமிடம் கழித்து அந்தப் பறவை ஸ்கோக்ஹோமில் தன் சொந்தப் பொந்துக்குள் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் அட்லாண்டிக் கடல். பறக்கவிட்ட சேதியைச் சொல்லி மஸ்ஸேயோ போட்ட கடிதம் பறவைக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

எல்லோரும் கடலைப் பார்த்து வாய்பிளக்கிறார்கள். நான் அந்த 31 நிமிடத்தைப் பார்க்கிறேன். நள்ளிரவு தாண்டிய இருட்டில் யாரோ ஒருவர் தரையில் குப்புறப் படுத்து, பொந்துக்குள் தோள்வரை கையை விட்டு, பறவையை வெளியே எடுத்து, கால் வளையத்தில் ஏஎக்ஸ் 6587 என்ற எண்ணைப் படித்து, உடனே கடிகாரத்தையும் பார்த்து எழுதியிருக்கிறார். அந்த ஆள் அன்றைக்குத் தூங்கப் போயிருந்தால் பாஸ்டன் கதையே இல்லை.

என் பார்வை இப்படிப் போவதற்குக் காரணம் என் வேலை. கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் முகாம்களில் நான் குறிப்பேடு எழுதியவன். கண்ணி வைப்பதிலும் வலை கட்டுவதிலும் கைதேர்ந்த உள்ளூர்க்காரர்கள் பறவையைக் கொண்டுவருவார்கள். ஆராய்ச்சி மாணவர் இறக்கையையும் அலகையும் அளந்து, வளையம் மாட்டி, எண்ணை உரக்கச் சொல்வார். நான் எழுதிவிட்டுத் திருப்பிப் படிப்பேன். ஒரு எண் மாறினால் ஒரு பறவையின் ஆயுளே மாறிப்போகும் என்று முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார்கள். ஆகவே எந்தத் தீவின் சரித்திரமானாலும் நான் அதன் குறிப்பேட்டை வைத்துத்தான் எடைபோடுவேன்.

காலில் எண் போட்டு முகவரியும் பொறித்து விடுவது 1899-இல் டென்மார்க்கின் வீபோர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் மோர்டென்சன் தொடங்கியது. அலுமினியத் தகட்டில் வளையம் செய்து மைனா குடும்பத்து ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டினார். பத்தே ஆண்டில் அது பிரிட்டனுக்கு வந்தது. 1909-இல் ஹாரி விதர்பி தன் பறவை இதழின் பேரில் ஒரு வளையத் திட்டத்தை ஆரம்பித்தார். ஆனால் அப்போது பெரும்பாலும் வளையத்தை மாட்டிவிட்டு, பறவை எங்கோ செத்துக் கிடந்து யாராவது எழுதிப்போடுவார்கள் என்று காத்திருப்பதுதான் வழக்கம். அதே பறவையை அதே இடத்தில் மறுபடி மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் ஸ்கோக்ஹோமுக்கு வந்தது ஒரு முயல் வியாபாரியால்.

ரொனால்ட் லாக்லி. 1903-இல் கார்டிஃபில் பிறந்தவர். 1927-இல் அந்த ஆளில்லாத தீவை 21 வருடக் குத்தகைக்கு எடுத்தார். நோக்கம் பறவை அல்ல; ரோமத்துக்காகச் சின்சில்லா முயல் வளர்ப்பது. இருந்த பண்ணை வீடு இடிந்து கிடந்தது. அதிர்ஷ்டம் கடல்வழியாக வந்தது: 1928-இல் நிலக்கரி ஏற்றிவந்த ஆலிஸ் வில்லியம்ஸ் என்ற பாய்மரக் கப்பல் தீவின் பாறையில் மோதி நின்றது. அதன் மரம் வீட்டுக்கு ஆனது, கரி அடுப்புக்கு ஆனது, முகப்பில் இருந்த பெண் சிலையையும் கழற்றிக் கரையில் நிறுத்திவைத்தார். முயல் வியாபாரம் மட்டும் கைகூடவில்லை. ரோமத்தின் விலை சரிந்தது. தீவை நிறைத்திருந்த காட்டு முயல்களையும் ஒழிக்க முடியவில்லை. 1930-களில் சர் சார்லஸ் மார்ட்டின் என்ற விஞ்ஞானி மிக்ஸோமட்டோசிஸ் கிருமியைக் கொண்டுவந்து அந்த முயல்களிடம் விட்டுப் பார்த்தார். நோய் பரவவே இல்லை. நோயைக் கடத்தும் தெள்ளுப்பூச்சி அந்தத் தீவு முயல்களிடம் கிடையாது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பிற்காலத்தில் லாக்லி முயல்களைப் பற்றி எழுதிய புத்தகம்தான் ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலுக்குத் தகவல் கொடுத்தது. ஆக முயல் அவரை முழுக்கக் கைவிட்டது என்றும் சொல்ல முடியாது.

முயல் தோண்டிய பொந்துகளில் பலவற்றில் குடியிருந்தவை ஷியர்வாட்டர்கள். மேலே கறுப்பு, கீழே வெள்ளை. புறாவைவிடக் கொஞ்சம் பெரியது, 400 கிராம் எடை. கடலின்மேல் அலையை உரசிக்கொண்டு பறப்பதில் அதற்கு நிகர் இல்லை. தரையில் பரிதாபம். கால் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் நிற்க வராது. மார்பால் உந்தி உந்தித்தான் நகரும். பகலில் இறங்கினால் பெரிய கருமுதுகுக் கடற்காகம் அங்கேயே கொன்று, தோலை உள்வெளியாகப் புரட்டித் தின்றுவிடும். அதனால் நிலா இல்லாத இரவில்தான் கரையேறும். அப்போது ஆயிரக்கணக்கில் வந்து, ஆகாயத்திலும் மண்ணுக்கடியிலும் ஒரே நேரத்தில் தொண்டை அடைத்த குரலில் ஓலமிடும். முதல்முறை கேட்பவர்கள் பேய் என்று பயந்தால் குற்றம் சொல்ல முடியாது. இந்த இனத்தில் உலகிலுள்ளவற்றில் ஏறக்குறைய சரிபாதி, ஸ்கோக்ஹோமிலும் அதன் பக்கத்துத் தீவான ஸ்கோமரிலும்தான் முட்டையிடுகிறது. அப்படியிருந்தும் அது எத்தனை நாள் அடைகாக்கிறது என்பதுகூட அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

லாக்லி செய்தது மிக எளிய காரியம். வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் பொந்து எந்தப் பக்கம் போகிறது என்று தடவிப் பார்த்து, முட்டை இருக்கும் அறைக்கு நேர் மேலே புல்லோடு மண்ணைச் சதுரமாக வெட்டி எடுத்தார். அதையே மூடியாக்கி மேலே வைத்தார். தினமும் மூடியைத் தூக்கி, உள்ளே இருப்பதன் கால் எண்ணைப் பார்த்து எழுதினார். 1929-இல் தொடங்கியது இது. ஒரு ஜோடிக்கு ஆடா, ஆடம் என்று பெயர் வைத்தார்.

அந்தக் குறிப்பிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று பல நாள் பட்டினியாகப் பொந்துக்குள் கிடக்க, மற்றது கடலில் இரை தேடும். குஞ்சு வெளிவர ஏழு வாரத்துக்கு மேல் ஆகும். குஞ்சு தாயைவிடக் கொழுத்துப் போகும்வரை ஊட்டிவிட்டு, ஏறத்தாழ 60 நாளில் பெற்றோர் வருவதை நிறுத்திக்கொள்ளும். அது தனியே கிடந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பில் காலம் தள்ளி, ஓர் இரவில் தானாகவே கடலுக்குப் போகும். அடுத்த வசந்தத்தில் அதே ஜோடி அதே பொந்துக்குத் திரும்பும். இத்தனையும் வெட்டிய மண்கட்டி ஒன்றாலும் ஒரு அலுமினிய வளையத்தாலும் தெரிந்தது. 1942-இல் இதையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார் லாக்லி. என்னைக் கேட்டால் பாஸ்டன் பயணத்தைவிட இந்த மண்மூடிதான் பெரிய கண்டுபிடிப்பு.

எந்தப் பொந்தில் எந்த எண் என்று தெரிந்துவிட்ட பிறகுதான் வீடு திரும்பும் சோதனையே சாத்தியமாயிற்று. 1936-இல் கரோலைன் என்ற பறவையை டெவன் மாவட்டத்துக் கரையில் விட்டார்கள். அன்றிரவே அது பொந்துக்கு வந்துவிட்டது. மறுவருடம் சில பறவைகளை வெனிஸ் நகரத்துக்கே அனுப்பினார்கள். மாங்க்ஸ் ஷியர்வாட்டர் போகாத கடல் அது. அதிலும் ஒன்று 14 நாளில் திரும்பியது. இந்தச் சோதனைகளில் லாக்லிக்குக் கூட்டாளி, பிற்பாடு டார்வின் குருவிகளால் புகழ்பெற்ற டேவிட் லேக்.

இதற்கிடையில் 1933-இலேயே பிரிட்டனின் முதல் பறவை ஆய்வகம் ஸ்கோக்ஹோமில் அமைந்திருந்தது. வலசை போகும் சின்னப் பறவைகளைப் பிடிக்க, ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவில் கையாண்டதைப் போலவே, வாய் அகன்று போகப் போகக் குறுகும் கம்பிவலைக் கூண்டு ஒன்றைக் கட்டினார்கள். அதுவும் அந்நாட்டில் முதலாவது. 1940-இல் யுத்தம் லாக்லியைக் கரைக்குத் துரத்தியது. தீவில் அவருக்குத் துணையாக இருந்த மைத்துனர் ஜான் பக்ஸ்டன் நார்வேயில் பிடிபட்டு ஜெர்மானியக் கைதி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே முள்வேலிக்குள் உட்கார்ந்தபடி ரெட்ஸ்டார்ட் என்ற ஒரே பறவையினத்தை மணிக்கணக்காகப் பார்த்துக் குறிப்பெழுதினார். அதே முகாமில் இருந்த இன்னொரு கைதி பீட்டர் காண்டர். யுத்தம் முடிந்ததும் ஸ்கோக்ஹோமின் காவலராக வந்து 1954 வரை இருந்தவர் அவர்தான். வேலிக்குள் பழகிய பொறுமை தீவில் வீண்போகவில்லை.

வளையத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வெளியே யாரும் இதைப் பேசுவதில்லை. ஷியர்வாட்டரின் கால் உருண்டையாக இருக்காது. தண்ணீரைக் கிழிக்கத் தோதாகப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். வட்டமான வளையத்தை அப்படியே மாட்டினால் உருண்டு உராயும். அதனால் குறடால் மூடும்போது நீள்வட்டமாக அமுக்க வேண்டும். இரண்டு முனையும் மயிரிழை இடைவெளியில்லாமல் சேர வேண்டும். மாட்டிய பிறகும் நிம்மதி கிடையாது. அந்தப் பறவை உப்புத் தண்ணீரில் கிடக்கிறது, கரையேறினால் மண்ணையும் கல்லையும் சீய்க்கிறது. அலுமினியம் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, எண்ணெல்லாம் அழிந்து, சவரத் தகடு மாதிரி மெலிந்துவிடும். 1950-களுக்குப் பிறகு மோனெல் போன்ற கடினமான உலோகக் கலவைக்கு மாறினார்கள். அப்படியும் தேய்ந்த வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட யாராவது திரும்பப் பிடித்தாக வேண்டும். பழைய எண்ணுக்கு எதிரே புது எண்ணை எழுத விட்டுப்போனால் அதோடு அந்தப் பறவையின் கதை முடிந்தது. கோடியக்கரையிலும் ஆலாக்களின் காலில் இப்படித் தேய்ந்த வளையங்களைப் பார்த்திருக்கிறேன்; சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் படவைத்து, பூதக்கண்ணாடியால் படித்தால்தான் எண் தெரியும்.

ஸ்கோக்ஹோமில் வளையமிட்ட குஞ்சு ஒன்று மூன்று வாரத்துக்குள் பிரேசிலில் கண்டெடுக்கப்பட்டபோதுதான், பெற்றோர் கைவிட்ட பிள்ளை வழிகேட்காமலே பூமத்தியரேகையைத் தாண்டுகிறது என்று தெரிந்தது. ஆனால் வளையத்துக்கு ஒரு குறை உண்டு. மனிதர் நடமாடும் கடற்கரையில் பறவை செத்து ஒதுங்கினால்தான் அது பேசும். நடுக்கடலில் வாழ்வதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. அந்தக் குறையை இந்த நூற்றாண்டில் ஸ்கோமர் தீவில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிம் கில்ஃபோர்டு குழுவினர் தீர்த்தார்கள். சில கிராம் எடையுள்ள கருவியைக் காலில் கட்டினார்கள். அது வெளிச்சத்தை மட்டும் பதிவுசெய்யும். சூரியன் எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்பதை வைத்து அன்றைக்குப் பறவை இருந்த இடத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். 2009-இல் முடிவு வெளிவந்தது: குளிர்காலத்தை அவை கழிப்பது இன்னும் தெற்கே, அர்ஜென்டினாவின் படகோனியக் கடற்பரப்பில். போகிற வழியில் அங்கங்கே தங்கி இரையெடுத்தும் போகின்றன.

அந்தக் கருவி சேதியை எங்கும் அனுப்பாது. எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அடுத்த வருடம் அதே பொந்துக்குள் கையை விட்டு, அதே பறவையைப் பிடித்து, கழற்றினால்தான் உண்டு. 1929-இல் லாக்லி மூடியைத் தூக்கியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அதனால்தான் 1976-ஐ மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வருடத்தோடு ஸ்கோக்ஹோமில் வளையமிடும் வேலை நின்றது. பறவை ஆய்வகம் என்ற தகுதியும் போயிற்று. தகுதி திரும்ப வந்தது 2014-இல். நடுவில் 38 ஆண்டுகள். வேல்ஸின் வடக்கே பார்ட்சி தீவில் 1957-இல் வளையமிட்ட இதே இனத்துப் பறவை ஒன்று 2008-இலும் உயிரோடு பிடிபட்டது. அவ்வளவு காலம் வாழும் பறவைக்கு 38 வருடம் என்பது உழைக்கும் வயது முழுக்க. ஸ்கோக்ஹோமில் 1976-க்கு முன் வளையமிட்ட குஞ்சுகள் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு முதுமையடைந்த காலம் முழுவதும் அங்கே எண்ணைப் படிக்கக் கை இல்லை. பிறகு எவ்வளவு நுட்பமான கருவி வந்தாலும் அந்தப் பக்கங்களை எழுத முடியாது. பழைய வீட்டைத் தன்னார்வலர்கள் பழுதுபார்த்தார்கள், கம்பிவலைக் கூண்டும் மறுபடி எழும்பியது; சந்தோஷம்தான். வெற்றுப் பக்கம் வெற்றுப் பக்கம்தான்.

நம் நாட்டில் இந்த வேலை பெரிய அளவில் தொடங்கியது 1959-இல், சாலிம் அலி காலத்தில். பறவைகள் நோய்க்கிருமியைத் தூக்கி வருகின்றனவா என்ற சந்தேகத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. சந்தேகம் போனது, பழக்கம் நிலைத்தது. ஆனி ஆடிக் காற்றில் நம் கரைகளிலும் ஷியர்வாட்டரும் ஆலாவும் களைத்தோ செத்தோ ஒதுங்குகின்றன. மீனவர்களும் காலையில் கடற்கரையில் நடப்பவர்களும்தான் முதலில் பார்ப்பது. பார்த்தால் காலைத் திருப்பிப் பாருங்கள். வளையம் இருந்தால் எண்ணையும் அதில் பொறித்த முகவரியையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு, படமெடுத்து, தேதியும் இடமும் சேர்த்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். வெளிநாட்டு வளையமானாலும் உரியவர்களுக்கு அவர்கள் சேர்ப்பிப்பார்கள். பறவை உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள். இன்னொருவர் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.