திருக்கணிதம்: காட்சியும் கணக்கும்

தமிழர்தம் சடங்குகளும் திருவிழாக்களும் பஞ்சாங்கத்தை ஒட்டியே அமைகின்றன. அப்பஞ்சாங்கம் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப்படும். முன்னது மரபுவழிப்பட்டது, பின்னது மேலைநாட்டு வானியலின் வரவால் பிறந்தது என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. அது எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். திருக்கணிதம் என்பதிலுள்ள ‘திருக்’ காட்சியைக் குறிக்கும் வடசொல். சிறப்பைக் குறிக்கும் ‘திரு’ அன்று. வானில் காணும் கோள்நிலையோடு ஒத்துவரும் கணிதம் என்பதே இதன் பொருளாகும்.

வாக்கிய முறையோ நினைவாற்றலைச் சார்ந்தது. சந்திரன் புவிக்கு மிக அண்மையில் வரும் நிலையை ஏறத்தாழ 248 நாள்களில் ஒன்பது முறை எய்துகிறது. அந்நாள்களுக்குரிய சந்திரநிலைகள், எழுத்துகளே எண்களாக நிற்கும் 248 வாக்கியங்களில் பொதிந்துள்ளன. இவை வரருசி இயற்றியன என்பது மரபு. இவற்றை மனனம் செய்தவர் வானத்தை நோக்காமலே கணிக்க இயலும். புதுச்சேரியில் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நிலத்தில் சோழிகளைப் பரப்பி, 1825ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் ‘கால சங்கலித’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். அக்கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது. ஏடும் எழுத்தாணியும் இன்றிச் செய்த கணக்கிற்கு இது வியத்தகு நுட்பமே. ஆயினும் காட்சியால் திருத்தப்படாத வாய்பாடு காலப்போக்கில் வானத்தினின்று விலகும் என்பதும் இதனால் புலனாகிறது.

இவ்விலகலை நம் முன்னோர் அறியாதவரல்லர். கேரளத்தின் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களை உற்றுநோக்கி, 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் பெயரிலேயே நூல் செய்தார். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி (இறப்பு 1880) இங்கிலாந்தின் நாவிகப் பஞ்சாங்கத் தரவுகளைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவரும் அவரே. அவர் கையாண்ட தரவு புதியது. கொள்கையோ பரமேசுவரர் காலத்தது.

இன்றும் இவ்வேறுபாடு தீரவில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் சனி கும்பத்தில் புகுந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி அவ்வாண்டு டிசம்பர் 20இல் நடைபெற்றது. இராசியின் எல்லை வானில் கோடிட்டுக் காட்டப்பட்டதன்று. அது வகுத்துக்கொள்ளும் முறையால் மாறும். ஆனால் விண்மீன்களிடையே சனி நிற்கும் இடம் வெறுங்கண்ணுக்கே புலப்படும். அது சராசரியாக மாதத்திற்கு ஒரு பாகை நகர்வதையும், ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கரை மாதம் பின்னோக்கிச் செல்வதுபோல் தோன்றுவதையும் மாதம் ஒருமுறை குறித்து வருவோர் எளிதில் உணர்வர்.

ஆகவே, திருக்கணிதத்தை அயல்வரவு என ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கணக்கைப் போற்றியதும் நம் மரபே. கண்டு திருத்தியதும் நம் மரபே. வாக்கியங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரைத் திங்கள்தோறும் வானத்தையும் நோக்கச் செய்வாராயின் அவ்விரண்டும் ஒருங்கே நிலைபெறும்.