வினிகர் வாசனையும் கோவையின் காணாமல் போன படங்களும்

செமஸ்டர் லீவுக்கு கோபிச்செட்டிபாளையத்தில் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். பரண் மேலிருந்து இரண்டு பழைய பிஸ்கட் டின்களை இறக்கி வைத்து, "உங்க அப்புச்சி எடுத்ததெல்லாம் இதுலதான் கெடக்குது கண்ணு. கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றயா?" என்று கேட்டார். மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு புளிப்பு வாசனை. யாரோ வினிகர் பாட்டிலை உள்ளே கவிழ்த்த மாதிரி.

அப்புச்சி அறுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து இருபது வருடம் போல ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சீர், பள்ளிக்கூட குரூப் போட்டோ. எண்ணிப் பார்த்தேன், 412 நெகட்டிவ். எல்லாம் கறுப்பு வெள்ளை, சதுரமான 120 ஃபிலிம். அம்மாயிக்கு அதில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "எங்க அம்மாள ஒரே ஒரு தடவதான் போட்டோ புடிச்சாரு. பிரிண்டு எங்கயோ போயிருச்சு. நெகட்டிவ் இருக்கோணும், தேடிப் பாரு."

வரலாறு என்று சொல்லிவிட்டு வீட்டுக் கதை பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். நான் படிப்பது பி.காம். வரலாற்றுக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு சரி. ஸ்கேனர் பண்ணிய தகராறில்தான் இதற்குள் வந்து மாட்டிக்கொண்டேன்.

சீனியர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஸ்கேனர் இருந்தது. மூடியிலும் விளக்கு உள்ள வகை. இரவல் வாங்கி வந்தேன். முதல் நாளே பிரச்சினை. எந்த நெகட்டிவை வைத்தாலும் மேலிருந்து கீழாக மெல்லிய நேர்கோடு ஒன்று. ஃபிலிமைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டேன். கோடு அப்படியே இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் அந்த மெஷின், ஃபிலிம் தாங்கியின் மேல்பக்கம் காலியாக விட்டிருக்கும் ஒரு இடத்தைப் பார்த்து, தன் வெளிச்சத்தைத் தானே அளந்துகொள்கிறது. அந்த இடத்தில் ஒரே ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், அது படம் முழுக்க கோடாக நீளும். ரப்பர் பல்பால் ஊதினேன், போய்விட்டது. அடுத்து, தண்ணீரில் எண்ணெய் விட்ட மாதிரி வளையம் வளையமாக விழுந்தது. சுருண்ட ஃபிலிம் கண்ணாடியைத் தொடுவதால் வருவது. நாலு நாள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துக்கு அடியில் வைத்ததில் ஃபிலிம் நிமிர்ந்தது. (அந்தப் புத்தகத்தால் எனக்குக் கிடைத்த முதல் பயன்!)

மூன்றாவதுதான் முக்கியமானது. தூசியைத் தானாக நீக்கும் வசதி ஒன்று அதில் இருக்கிறது. ஆகா என்று அதைப் போட்டேன். வந்த படத்தில் மாப்பிள்ளைக்குக் கண் இல்லை. பெண்ணின் முகம் உருகின மெழுகு. பயந்தே போனேன்.

காரணம் இதுதான். அந்த வசதி ஃபிலிமை இன்னொரு முறை அகச்சிவப்புக் கதிரால் பார்க்கிறது. கலர் ஃபிலிமில் படமாக இருப்பது சாயம். சாயத்துக்குள் அகச்சிவப்பு நேராகப் போய்விடும், தூசியும் கீறலும் மட்டும் தடுக்கும். எனவே எது தடுக்கிறதோ அதைத் துடைத்துவிடு என்பது அதன் கணக்கு. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக இருப்பது சாயமல்ல, நுண்ணிய வெள்ளித் துகள்கள். வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஆக ஸ்கேனரின் கண்ணுக்கு மொத்தப் படமுமே தூசி! அந்த வசதியை அணைத்துவிட்டு, தூசியை ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிஜமாகவே வெள்ளி இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நம் ஊர் சினிமாவுக்கு எமனாக வந்ததில் அந்த வெள்ளிக்கும் பங்கு உண்டு.

கோயம்புத்தூர் என்றால் இன்றைக்கு மில், மோட்டார், பம்ப்செட், இன்ஜினியரிங் காலேஜ். ஆனால் ஒரு இருபது வருடம் இது சினிமா எடுத்த ஊர். அதற்கும் முன்னால் சினிமா காட்டிய ஊர். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1914ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது அதுதான். தினமும் நாம் டிராஃபிக்கில் நிற்கிற வெரைட்டி ஹால் ரோட்டின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அப்புறம் சிங்காநல்லூர் பக்கம் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்த துக்காராம் (1938) அவர்களுடைய படம். பாகவதரின் ஹரிதாஸ் (1944) இங்கே எடுத்ததுதான். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம்! ஜூபிடர் பிக்சர்ஸ் இங்கே முகாம் போட்டிருந்த காலத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலில் கதாநாயகனான ராஜகுமாரி (1947) வந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் சின்னப் பையனாக வேலைக்குச் சேர்ந்ததும் ஜூபிடரில்தான். சென்ட்ரலில் பங்குதாரராக இருந்த எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு தனியாகப் பிரிந்து 1945ல் பட்சிராஜா ஸ்டூடியோவை நடத்த ஆரம்பித்தார். நாமக்கல் கவிஞரின் நாவலை அவர் மலைக்கள்ளனாக (1954) எடுத்தார். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். அதே கதையைத் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று எடுத்துத் தள்ளினார்கள். இந்தியில் அது ஆசாத் (1955). திலீப்குமாரும் மீனாகுமாரியும் கோவைக்கு வந்து நடித்துவிட்டுப் போனார்கள் என்றால் என் கிளாஸில் யாரும் நம்பவில்லை.

இவ்வளவு எடுத்தார்களே, மூல நெகட்டிவ்கள் எங்கே?

ஹரிதாஸ் நம்மிடம் தப்பிப் பிழைத்திருக்கிறது. துக்காராமின் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. தமிழ் பேசிய முதல் படம் என்று பரீட்சையில் எழுதுகிறோமே காளிதாஸ் (1931), அதுவும் போய்விட்டது. இந்தியாவின் முதல் பேசும்படம் ஆலம் ஆராவும் போய்விட்டது. புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆரம்பித்ததே 1964ல்தான். அதற்குள் பாதிக் கதை முடிந்துவிட்டது.

எப்படிப் போயின? மூன்று வழிகளில். ஒன்று தீ. 1950 வரைக்கும் 35 மி.மீ. சினிமா ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட். வெடிமருந்துக்குத் தம்பி மாதிரி. பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் படங்கள் வைத்திருந்த கிடங்கே எரிந்தது. அத்தனை வருடம் காப்பாற்றி வைத்ததும் ஒரே நாளில் போயிற்று.

இரண்டாவது வெள்ளி. ஓடி முடிந்த படத்தின் சுருள்களைக் கழுவி வெள்ளியைப் பிரித்து எடுத்துக்கொள்வது அந்தக் காலத்தில் சாதாரணம். ஆலம் ஆராவுக்கே அந்தக் கதிதான் நேர்ந்தது என்று காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே.நாயர் சொல்லியிருக்கிறார். கேட்டதும் கோபம் வந்தது. பிறகு ஒரு பி.காம். மாணவனாக யோசித்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. 1950ல் டி.வி. கிடையாது, கேசட் கிடையாது. மூன்றாவது ரவுண்டு டூரிங் டாக்கீஸ் முடிந்த படத்துக்கு வருமானம் பூஜ்யம். புத்தக மதிப்பும் பூஜ்யம். கிடங்கு வாடகை மட்டும் மாதாமாதம். தீப்பிடிக்கும் அபாயம் வேறு. கணக்குப்பிள்ளை எந்தப் பக்கம் பார்த்தாலும் அதில் மிஞ்சுவது வெள்ளியின் ஸ்கிராப் விலைதான். பின்னாளில் 'நெகட்டிவ் ரைட்ஸ்' என்று அதற்கே லட்சக்கணக்கில் விலை பேசுவார்கள் என்று யார் கண்டார்?

மூன்றாவதுதான் என் டின்னில் இருந்தது. நைட்ரேட்டுக்குப் பதிலாக 1948ல் தீப்பிடிக்காத 'பாதுகாப்பு' ஃபிலிம் வந்தது, அசிடேட். சூட்டிலும் ஈரப்பதத்திலும் அது மெல்லச் சிதைந்து அசிடிக் அமிலத்தை விடும். வினிகர் என்பதே அதுதானே. ஒன்றில் ஆரம்பித்தால் வெளியேறும் அமிலம் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும், அழுகின தக்காளி மாதிரி. கோடக் கம்பெனிக்கு இது பற்றி முதல் புகார் போனது எங்கிருந்து தெரியுமா? இந்திய அரசாங்கத்திடமிருந்து! அறிமுகமாகிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. 21 டிகிரியில், பாதி ஈரப்பதத்தில் வைத்தாலே புது அசிடேட்டுக்கு சுமார் 40 வருடம்தான் என்று பிற்கால ஆய்வுகள் கணக்குச் சொல்கின்றன. கோபியில் சித்திரை மாத மத்தியானம், ஓட்டு வீட்டுப் பரண், காற்றுப் புகாத பிஸ்கட் டின்... அப்புச்சியின் நெகட்டிவ்கள் இத்தனை நாள் இருந்ததே அதிசயம்.

டின்னுக்குள் சில ஃபிலிம் பெட்டிகளும் இருந்தன. 'இந்து' என்று பெயர் போட்டவை. இந்து என்றால் நிலா. நம் மலை மேலேயே, ஊட்டியில், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரித்தது. இரண்டாம் உலகப்போரின்போது கச்சா ஃபிலிம் இறக்குமதி சுருங்கி, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்ட நாடு இது. அதனால் சொந்தமாக ஃபிலிம் செய்யவேண்டும் என்று 1960ல் நிறுவனத்தைப் பதிந்து, பிரான்சின் பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். ஃபிலிம் பூச்சுக்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும், ஊட்டியில் அது இலவசம். பிறகு கலர் வந்தது, இறக்குமதி திறந்தது, டிஜிட்டல் வந்தது. தொண்ணூறுகளிலேயே நலிந்த நிறுவனம் ஆகி, ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மூட 2014ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊட்டியில் இந்து நகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. ஃபிலிம் செய்யத் தோதான அதே குளிர், ஃபிலிமைப் பாதுகாக்கவும் தோதானது. கோவைக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு மலை இருந்தும் நம் ஸ்டூடியோக்காரர்களின் பெட்டிகள் அங்கே ஏறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, ஸ்கேன் பண்ணிவிட்டால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் சதுர நெகட்டிவை 2400 டி.பி.ஐ.யில், 16 பிட் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் ஒன்றுக்கு 56 எம்.பி. வருகிறது. 412க்கும் சேர்த்து 23 ஜி.பி. இது ஒரு பென் டிரைவ் சமாச்சாரம். ஆனால் இரண்டரை மணி நேர சினிமாவைப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 24 சட்டம், மொத்தம் 2,16,000. நல்ல 4கே ஸ்கேனில் ஒரு சட்டத்துக்கு சுமார் 50 எம்.பி. பெருக்கினால் 11 டெராபைட். ஒரு படத்துக்கு! அதை மூன்று இடத்தில் வைக்கவேண்டும். ஹார்ட் டிஸ்க் சில வருடத்தில் சாகும். டேப்பில் வைத்தால் டேப் நன்றாக இருக்கும், படிக்கிற மெஷின் மாறிவிடும். எல்.டி.ஓ. டேப் டிரைவ்கள் முன்பெல்லாம் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்பையும் படித்தன. எட்டாம் தலைமுறை டிரைவ் ஒன்றைத்தான் படிக்கும். அதனால் சில வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புது டேப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆஸ்கர் கொடுக்கிற அமெரிக்க அகாடமி 2007ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஒரு படத்தின் மூலத்தை ஃபிலிமாகவே பாதுகாக்க வருடத்துக்கு 1,059 டாலர், 4கே டிஜிட்டலாகப் பாதுகாக்க 12,514 டாலர். கிட்டத்தட்ட 12 மடங்கு. அதன்பிறகு டிஸ்க் விலை எவ்வளவோ இறங்கிவிட்டது. ஆனாலும் செலவின் குணம் மாறவில்லை. குளிர்ந்த அறையில் கிடக்கும் ஃபிலிமை வருடக்கணக்கில் யாரும் தொடாவிட்டாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். டிஜிட்டலில் ஒரு வருட பட்ஜெட்டை யாராவது வெட்டினால் அடுத்த வருடமே ஆபத்து.

இன்னொன்றும் கவனித்தேன். காணாமல் போன பழைய படங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் பாட்டுப்புத்தகம், நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம் வழியாகத்தான். பாட்டுப்புத்தகம் மட்டமான தாளில் அச்சானது, யாரும் பாதுகாக்க நினைக்காதது. ஆனால் ஆயிரக்கணக்கில் அச்சாகி வீடு வீடாகக் கிடந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற ஒருவர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் சேகரிப்பை வைத்து 1994ல் சென்னையில் நூலகம் அமைத்தபோது, பழைய தாள்களைக் காப்பாற்ற அவர்கள் முதலில் எடுத்த ஆயுதம் மைக்ரோஃபிலிம். தாளைக் காப்பாற்ற ஃபிலிம், ஃபிலிமைக் காப்பாற்ற ஸ்கேன். ஸ்கேனைக் காப்பாற்ற எதுவோ!

அதனால் அப்புச்சியின் படங்கள் இப்போது என் கம்ப்யூட்டரில் ஒன்று, திருப்பூரில் மாமா வீட்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று என்று மூன்று பிரதி. சுருக்காத டிஃப் ஃபைல்கள், ஊரும் வருடமும் போட்டுப் பெயர். நெகட்டிவ்களை டின்னிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தாள் உறையில் போட்டிருக்கிறேன். வாசனை அடிப்பவை தனிப் பெட்டியில்.

அம்மாயி கேட்ட நெகட்டிவ் இரண்டாவது டின்னின் அடியில் கிடைத்தது. வலது பக்கம் பூச்சு சுருங்கி நரம்பு நரம்பாகக் கிளம்பிவிட்டது, ஒரு தோள் போயே போய்விட்டது. முகம் தப்பித்தது. கோடுகளைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து தரட்டுமா என்றேன். அம்மாயி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வேண்டாஞ்சாமி, இப்படியே இருக்கட்டும். கையில காப்பு இல்ல பாத்தியா? அதை வித்துத்தான் உங்க அப்புச்சிக்கு கேமரா வாங்க காசு குடுத்துச்சு எங்கம்மா" என்றார்.

இன்னும் 137 நெகட்டிவ் பாக்கி இருக்கிறது. சீனியர் ஸ்கேனரைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.