பார்த்தாலே தீட்டு: மாயாவிகளின் வரலாறும் நம் வரலாறும்



நினைவுச் சொற்பொழிவுக்குக் காமிக்ஸ் ஒரு தலைப்பா என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் கேட்டார்கள். புளியங்குடியில் இதற்குப் பதில் சொல்வது எளிது. வாசுதேவநல்லூர், ராஜபாளையம் தாண்டினால் சிவகாசி. 1972இல் முத்து காமிக்ஸ் அங்கேதான் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. எலுமிச்சை மூட்டை சுமந்த வீட்டிலும் பீடி சுற்றிய வீட்டிலும் பிள்ளைகள் ஒரே புத்தகத்தைப் பத்துப் பேராகக் கைமாற்றிப் படித்தோம். பாடநூலுக்கு வெளியே நம்மில் பலருக்குக் கிடைத்த முதல் வாசிப்பு அது. அந்த நாயகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பது நம் வாசிப்பின் வரலாற்றைக் கேட்பதுதான்.

மாயாவி சிவகாசியில் பிறந்தவர் அல்ல. 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றிய லூயிஸ் கிராண்டேல் அவர். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். முதலில் குற்றவாளி, பிறகே நாயகன். இவருக்கு இலக்கியத்தில் ஒரு மூத்தவன் உண்டு. 1897இல் எச். ஜி. வெல்ஸ் படைத்த கிரிஃபின். யார் கண்ணுக்கும் தெரியாதவன் எல்லோரையும் அச்சுறுத்தி ஆளலாம் என்று கணக்குப் போட்டவன்.

1999இல் ஆலன் மூர் எழுத, கெவின் ஓ'நீல் வரைய, 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்' என்ற கிராஃபிக் நாவல் வரிசை தொடங்கியது. விக்டோரியா காலக் கதைமாந்தர்களை ஒரே அணியாக்கிப் பிரிட்டனைக் காக்க அனுப்பியது. ஆனால் மூர் அவர்களைத் துதிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் வேட்டையாடிப் புகழ்பெற்ற குவாட்டர்மெயின் போதைக்கு அடிமையாகக் கிடக்கிறார். கிரிஃபின் செவ்வாய்க் கிரகத்தாரிடம் சொந்த மனிதகுலத்தையே காட்டிக்கொடுக்கிறான்.

அந்த அணியில் ஓர் இந்தியர் உண்டு: கேப்டன் நெமோ. அவர் புந்தேல்கண்டு இளவரசர், 1857 எழுச்சியில் போரிட்டவர் என்று ஜூல்ஸ் வெர்ன் 1875இல் வெளிப்படுத்தினார். அதற்கு முந்தைய நாவலில் நெமோ மன்னார் வளைகுடாவுக்கு வருகிறார். முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தைக் கொடுத்து அனுப்புகிறார். அடக்கப்பட்டவர் பக்கமே தானும் என்கிறார். நெகிழ்ச்சியான இடம். ஆனால் மூச்சடக்கி முத்தெடுத்தவனுக்கு நாவலில் பெயர் இல்லை. ரைடர் ஹேகார்டின் 1885ஆம் ஆண்டு நாவலிலும் இதே கதைதான். சுமை தூக்க வந்த உம்போபா மறைந்து வாழும் மன்னன் என்று தெரிந்த பிறகே அவனுக்கு உயரம் கிடைக்கிறது. வெள்ளையனைக் காக்க யானைமுன் பாய்ந்து செத்த வேலைக்காரன் கீவா ஒரு சில பக்கங்களோடு முடிந்துபோகிறான். அரச ரத்தம் இருந்தால்தான் நாயகன். 'ஆண்ட பரம்பரை' தேடி அலையும் நம் ஆட்கள் இந்த இலக்கணத்தைத்தான் கடன் வாங்குகிறார்கள்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழில் திருநெல்வேலி மாவட்டம் பற்றி ஒரு செய்தி வந்தது. புதிரை வண்ணார் என்னும் மக்கள் பகலில் வெளியே வரக்கூடாது. அவர்களைப் பார்த்தாலே தீட்டு. நடுச்சாமத்துக்கும் விடியலுக்கும் இடையில்தான் வேலை. அவர்களைச் சந்திக்கப் போனவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரவைக்கவே சிரமப்பட்டார்கள். அப்போது இந்தப் புளியங்குடியும் அந்த மாவட்டம்தான்.

கிரிஃபினுக்கு மறைவது அதிகாரம். மாயாவிக்கு அது சாகசம். புதிரை வண்ணாருக்கு அது தண்டனை. விடிந்ததும் வெளுத்த துணி மட்டும் தெரியும், வெளுத்த ஆள் தெரியமாட்டார். உடல் மறைந்து கை மட்டும் மிதக்கும் அந்தச் சிவகாசிப் படத்தை இந்தச் செய்தியோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அவர்கள் வெளுத்தது யாருடைய துணி? நம் துணி. தீட்டுத்துணி, பேறுகாலத் துணி, சாவுத்துணி எல்லாம் நம் தெருக்களிலிருந்து போனவை. ஊர் நம்மைத் தள்ளிவைத்தது. நாம் இன்னொருவரைத் தள்ளிவைத்தோம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஆரோக்கியம் என்ற வண்ணாத்தியை முன்னால் நிறுத்தி இதைச் சொன்னபோது, தலித் முகாமுக்குள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது எதிரிகளைப் பற்றி மட்டும் அல்ல என்பதை ஏற்க நமக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது.

படக்கதை இதைச் சொல்ல முடியுமா? முடியும். 2011இல் வந்த 'பீமாயனா'வில் துர்காபாய் வ்யாமும் சுபாஷ் வ்யாமும் பர்தான் கோண்டு ஓவிய மரபில் அம்பேத்கரின் வாழ்வை வரைந்தார்கள். கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். நஞ்சு கக்கும் பேச்சு தேள்கொடுக்கு வடிவக் குமிழில் வருகிறது, கனிவான பேச்சு பறவை வடிவக் குமிழில். 1901இல் கோரேகானுக்குப் போன வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காத சிறுவனே அதன் நாயகன். அவனுக்கு மாயசக்தியும் இல்லை, அரச ரத்தமும் இல்லை.

நம் மாணவர்கள் வரைய வேண்டிய அடுத்த புத்தகம் இந்த மாவட்டத்தின் இரவைப் பற்றியது. அதற்கு முன் ஒரு சின்ன வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம் கேளுங்கள்: நம் தெருவுக்கு வெளுத்துக் கொடுத்தவர் பெயர் என்ன? சொன்னால் எழுதிவையுங்கள். தெரியாது என்றால் அதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள்.